தெரிந்த ஆள் இல்லாத தம்பிக்கு

கேள்வி: உதவி இயக்குநராக வேண்டும் என்று ஆசை. சென்னையில் யாரையும் தெரியாது. காக்கா பிடித்தால்தான் உள்ளே போக முடியும் என்கிறார்கள், எனக்கு அது வராது. என்ன செய்யலாம், அண்ணே? - ஒரு வாசகர், மேலூர்

பதில்: வராவிட்டால் நல்லதுதான் தம்பி. ஆனால் ஆள் பழக்கம் இல்லாமல் முடியாது என்பதும் நிஜம். பாலுமகேந்திராவிடம் பாலா இருந்தார், பாலாவிடம் நம்ம மதுரைக்கார அமீர், பாலா, அமீர் இரண்டு பேரிடமும் வேலை பார்த்துவிட்டு 2008இல் ‘சுப்ரமணியபுரம்’ எடுத்தார் சசிகுமார். அதற்கு இசையமைத்த ஜேம்ஸ் வசந்தன் யார் தெரியுமா? சசிகுமாருடைய பள்ளிக்கூடத்து மியூசிக் வாத்தியார்!

அதனால் பெரிய இயக்குநரின் வீட்டு வாசலில் நிற்காதே. அவரிடம் கடைசியாகச் சேர்ந்த உதவி இயக்குநரிடம் பேசு, அவருக்குத்தான் உன் கஷ்டம் இன்னும் ஞாபகம் இருக்கும். மதுரைப் பக்கம் யூனிட் வந்தால் லொக்கேஷன், வட்டார வழக்கு, கூட்டத்துக்கு ஆள் என்று உள்ளூர்க்காரனாக நீ செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைக் கேட்டுச் செய். லைட்மேன், டீ கொடுக்கிற புரொடக்‌ஷன் பையன் எல்லாரிடமும் பேர் கேட்டுப் பேசு (இயக்குநர் வந்ததும் அவர்களை மறந்துவிடுகிற ஆட்களை யூனிட்டே கவனிக்கும்). உன்னைப் போலவே அலைகிற பையன்களின் குறும்படத்துக்கும் கைகொடு, அவர்களில் ஒருவன் நாளைக்கு உன்னைக் கூப்பிடலாம்.

அப்புறம், சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதே.