மீன் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு. வரவேற்பறையில் யன்னலோரம் இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறோம். காலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும். தண்ணீரை மாற்றினாலும் நான்கே நாளில் பச்சையாகிவிடுகிறது. வெளிச்சம் போதாதா?

பதில்: போதாமை அன்று, மிகுதியே உங்கள் சிக்கல். தண்ணீரைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத மிதக்கும் நுண்பாசி. மீன் கழிவும் மீந்த உணவும் அதற்கு உரமாகின்றன, வெளிச்சம் அதை வளர்த்துவிடுகிறது. கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே நீடிக்கிறது. நீங்கள் கொடுப்பதோ 17 மணி நேரம். அதன்மேல், மேற்கு யன்னலால் பிற்பகலில் விழும் நேர்வெயில் தொட்டி விளக்கைவிடப் பல மடங்கு வலியது என்பதை நம்மில் பலர் கணக்கில் எடுப்பதேயில்லை.

தொட்டியை உட்சுவரோரம் நகர்த்துங்கள். இயலாவிட்டால் யன்னல் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கறுப்புத் தாளை ஒட்டிவிடுங்கள். பிறகு மூன்று நாட்களுக்கு விளக்கை அணைத்து, தொட்டியைத் தடித்த துணியால் முழுவதும் மூடிவையுங்கள். பாசி மடியும்போது ஒட்சிசன் குறையும் என்பதால் காற்றுப் பம்பி இரவும் பகலும் ஓட வேண்டும். நான்காம் நாள் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றிவிட்டு, நாளொன்றுக்கு ஆறு மணி நேர விளக்குடன் தொடங்குங்கள். அந்த ஆறு மணி நேரம் காலையில்தான் வரவேண்டும் என்பதில்லை. மாலை நான்கு முதல் பத்து வரை டைமரில் வைத்தால், வீட்டார் இருக்கும் நேரத்தில் தொட்டியும் ஒளிரும்.

கேள்வி: 60 லீற்றர் தொட்டிக்கு எத்தனை வாற்று விளக்கு வாங்க வேண்டும்?

பதில்: லீற்றருக்கு இத்தனை வாற்று என்ற பழைய கணக்கு குழல்விளக்குக் காலத்துக்குரியது, எல்.ஈ.டி. விளக்குக்கு அது பொருந்தாது. விளக்கு தரும் மொத்த ஒளியைக் குறிக்கும் லூமென் அளவு பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும், அதைப் பாருங்கள். எளிதில் வளரும் செடிகளுக்கு லீற்றருக்கு 15 முதல் 20 லூமென் போதும். அதாவது உங்களுக்கு 900 முதல் 1200 வரை. நிறம் 6500 கெல்வின் அளவில் இருந்தால் பகல் வெளிச்சத்தை ஒத்திருக்கும். ஊதா நிறத்தில் ஒளிரும் விளக்குகளில் செடி வளரும்தான், ஆனால் மீனின் இயல்பான நிறத்தை நீங்கள் காணமாட்டீர்கள். 10 வாற்று விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு 2.4 அலகு மின்சாரமே செலவாகும். ஆகவே மின்கட்டணத்துக்கு அஞ்சி விளக்கைச் சிறிதாக்கத் தேவையில்லை, பாசிக்கு அஞ்சுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். வாங்கி நட்ட கிரிப்டோகோரைன் செடியின் இலைகள் ஒரே வாரத்தில் கூழாகக் கரைந்துவிட்டன. இரண்டாவது விளக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். இந்த இனத்தின் பல வகைகள் நம் நாட்டின் ஈரவலய ஓடைகளில், மர நிழலில் வளர்பவை. மங்கிய வெளிச்சமே அவற்றுக்குப் பழக்கம். இடமும் நீரும் மாறும்போது பழைய இலைகளை உதிர்த்துவிடுவது அவற்றின் இயல்பு. அழுகிய இலைகளை அடியோடு கத்தரித்துவிட்டு, கிழங்கை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: உறுதியாக இருந்தால் செடி உயிருடன்தான் இருக்கிறது. பிடுங்கி வேறிடத்தில் நடாமல் விட்டால் சில வாரங்களில் புதுத் துளிர் வரும்.

கேள்வி: ‘புலத் ஹபயா’ மீன்கள் கடையில் கருமையும் சிவப்புமாக இருந்தன. வீட்டில் வெளிறிப்போய் மூலையில் ஒதுங்குகின்றன.

பதில்: வெற்றிலை மெல்பவன் என்று பொருள்படும் அந்தச் சிங்களப் பெயரே ஆண் மீனின் சிவந்த முகத்தைப் பார்த்து இட்டதுதான். நிழல் படிந்த ஓடைகளில் வாழும் இம்மீன், வெண்மணலும் கூசும் விளக்கும் உள்ள தொட்டியில் தன்னை மறைக்க வழியின்றி நிறம் குன்றிவிடுகிறது. அடியில் கருமணல் பரப்பி, மேற்பரப்பில் பாதிக்கு மிதக்கும் செடிகளை விடுங்கள். நல்ல நிறம் பெரும்பாலும் ஆண்கள் ஒன்றையொன்று மிரட்டும் வேளையில் வருவதால், ஐந்தாறு மீன்களாவது சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: இரவு முழுவதும் நீல விளக்கு எரியலாமா?

பதில்: கூடாது. மீனுக்கு இமையில்லை, இருளே அதற்கு ஓய்வு. காலையிலும் முதலில் அறை விளக்கைப் போட்டு, சில நிமிடங்கள் கழித்தே தொட்டி விளக்கைப் போடுங்கள், இல்லையேல் திடுக்கிட்டுக் கண்ணாடியில் மோதும்.

கேள்வி: விளக்கின் வயர் வழியாக நீர் வடிந்து பிளக் வரை வருகிறது. ஆபத்தா?

பதில்: ஆம், இன்றே சரிசெய்ய வேண்டியது. முதலில் பிரதான சுவிட்சை அணைத்து, கையை நன்கு துடைத்த பின்னரே பிளக்கைக் கழற்றுங்கள். பின்னர் வயர் பிளக்கை விடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி மேலேறும்படி அமையுங்கள்; நீர் அந்தத் தாழ்ந்த வளைவிலிருந்து தரையில் சொட்டிவிடும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் விளக்கு, பம்பி இரண்டின் பிளக்கும் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.