எதுவரைக்கும், கர்த்தாவே? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வேதனையைச் சுற்றியே இருந்தன. துன்பம் ஒரு பக்கம். "இப்படித் துவண்டுபோகிறேனே, என் விசுவாசம் பொய்யா?" என்ற பயம் இன்னொரு பக்கம். நான் போதகர் இல்லை. ஓய்வு பெறும்வரை புற்றுநோய் வார்டில் செவிலியராக வேலை பார்த்தவள். இப்போது சபையில் பெண்களுக்கான வேதபாட வகுப்பை நடத்துகிறேன். அந்த இரண்டு இடங்களிலும் கற்றதிலிருந்துதான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, என் கணவர் கல்லீரல் நோயால் எட்டு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். வயது 41. சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. நிச்சயம் பிழைத்துவிடுவார் என்று முழுமனதோடு நம்பியிருந்தேன். அடக்க ஆராதனை முடிந்த அதே வாரம் ஒரு மூத்த சகோதரி என்னிடம், "உன் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கிறது" என்றார். அதன்பிறகு என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. வேதாகமத்தைத் திறந்தால் வெறும் எழுத்துகளாகத் தெரிகின்றன. ஆராதனையில் பாட்டு ஆரம்பித்தால் தொண்டை அடைக்கிறது. 12 வயது மகன், "இயேசு ஏம்மா அப்பாவைக் குணமாக்கல?" என்று கேட்கிறான். நான் விசுவாசத்தை விட்டு விழுந்துவிட்டேனா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை மகளே, விழவில்லை. அந்தச் சகோதரி சொன்னதை முதலில் உங்கள் மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள். அவர் சொன்னது உண்மையும் இல்லை, வேதத்தில் இருப்பதும் இல்லை.

இரவெல்லாம் முழங்காலில் நின்று ஜெபித்த குடும்பங்களின் நோயாளிகள் இறந்துபோனதை வார்டில் பார்த்திருக்கிறேன். கடவுளைப் பற்றி நினைத்தே பார்க்காதவர்கள் குணமாகி வீட்டுக்கு நடந்து போனதையும் பார்த்திருக்கிறேன். நேர்மாறாகவும் நடந்தது. ஒருவருடைய விசுவாசத்தை அளந்து பார்த்து, அவர் பிழைப்பார் அல்லது பிழைக்கமாட்டார் என்று சொல்ல அங்கே யாராலும் முடிந்ததில்லை.

பிறவிக் குருடனைக் காட்டி, "இது யார் செய்த பாவம்? இவனா, இவனைப் பெற்றவர்களா?" என்று சீஷர்கள் கேட்டபோது, இருவருமே இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் இருந்த "முள்", அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. அதற்கும் மேலே, சிலுவைப் பாடுகளுக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும்" என்று ஜெபித்தவர் இயேசு. அது நீங்கவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்லத் தொடங்கினால், கடைசியில் அதை அவரைப் பார்த்தும் சொல்ல வேண்டிவரும்.

அடுத்தது, ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்கள். எதை ஜெபம் என்று நினைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று யோசிக்கிறேன். ஸ்தோத்திரம் சொல்வதும் நன்றி சொல்வதும் மட்டும்தான் ஜெபம் என்று நாம் பழகிவிட்டோம். வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் எத்தனை சங்கீதங்கள் புலம்பலும் முறையீடுமாக இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. 

அந்தச் சங்கீதமாவது முடியும்போது பாட்டுக்குத் திரும்புகிறது. 88ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. சிநேகிதரும் தோழரும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்ற இருளோடு அப்படியே முடிந்துவிடுகிறது. அதை எழுதியவர் ஆறுதல் அடைந்ததாக ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் தொடக்கம் முதல் முடிவு வரை "நீர்", "உம்மை" என்று கடவுளின் முகத்தைப் பார்த்தேதான் பேசுகிறார். இப்படி ஒரு பாட்டை வழிபாட்டில் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றித் தந்தவர்களை நினைத்து நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன். உங்கள் நிலையில் இருப்பவருக்காகத்தான் அது அங்கே இருக்கிறது. கோபத்தோடு அவரிடம் பேசுகிறவர் அவரை விட்டு விலகிப்போகவில்லை.

யோவான் 11ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். லாசரு இறந்து நான்கு நாள் கழித்து இயேசு வருகிறார். மார்த்தாள் எதிர்கொண்டு போய், "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பிறகு மரியாள் வந்து அவர் பாதத்தில் விழுந்து அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். நீங்கள் எட்டு மாதமாக மனதுக்குள் வைத்திருப்பதும் அதேதானே? இயேசு அந்த இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாளோடு பேசினார். மரியாளும் கூட வந்தவர்களும் அழுவதைக் கண்டபோது அவரும் கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், அது தெரிந்தும் அழுதார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புதிதாக வார்த்தைகளைத் தேட வேண்டாம். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். ஒரு நாளைக்கு ஒரு தரம் சத்தமாக வாசியுங்கள். இரண்டாம் வசனத்திலேயே குரல் உடைந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே போதும். வாசிக்கவும் முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள். நாம் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8இல் இருக்கிறது. பெருமூச்சு உங்களிடம் நிறையவே இருக்கும்.

ஆராதனைக்குப் போங்கள், ஆனால் பாட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் அவர்கள் நடுவில் இருங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாக இல்லை. என் கணவர் இறந்த சமயத்தில் ஒரு தோழி சாயங்காலங்களில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுப் போவாள். ஆமென் சொல்லக்கூட எனக்கு மனம் வராது. "ஆறுதலாக இருக்கிறதா?" என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வெகுநாள் வரை எனக்கிருந்த ஜெபம் அவள் குரல் மட்டும்தான். அப்படி ஒருவர் உங்களுக்கும் இருப்பார், யோசித்துப் பாருங்கள். அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் மறைவுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல் நூலாக வெளிவந்தன. கடவுள் பக்கத்தில் இல்லாததுபோன்ற இருளைப் பல பத்தாண்டுகள் அவர் சுமந்தது அப்போது உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அத்தனை காலமும் விடிகாலையில் எழுந்து ஜெபத்துக்குப் போய்க்கொண்டும், சாகக் கிடந்தவர்களைப் பராமரித்துக்கொண்டும்தான் இருந்தார். எதையும் உணர முடியாமல் இருப்பதும் விசுவாசம் இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

உங்கள் மகனைப் பற்றி. "எனக்கும் தெரியலப்பா. நானும் அதையேதான் இயேசுகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். "இயேசுவுக்கு அப்பா தேவைப்பட்டார், அதனால் எடுத்துக்கொண்டார்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். யாராவது சொன்னாலும் தடுத்துவிடுங்கள். நாளைக்கு அம்மாவையும் எடுத்துக்கொள்வாரோ என்று அவன் இரவில் பயந்து கிடப்பான். இன்னொன்று: தான் சரியாக ஜெபிக்காததால்தான் அப்பா போய்விட்டார் என்று பிள்ளைகள் வெளியே சொல்லாமல் நம்பிக்கொண்டிருப்பதுண்டு. அவன் கேட்காவிட்டாலும், "உன் ஜெபத்தில் எந்தக் குறையும் இல்லை" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். லாசருவின் கதையை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழுங்கள்.

கேள்வி: அம்மா, என் தாயாருக்கு டிமென்ஷியா. மூன்று வருடமாக நானும் மனைவியும்தான் கவனித்துக்கொள்கிறோம். இரவில் எழுந்து நடக்கிறார், கதவைத் திறக்கிறார், எங்களுக்குத் தூக்கமே இல்லை. போன வாரம் அவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தைத் தினமும் சொல்லிக்கொள்கிறேன். பெலன் வரவில்லை.

– ஒரு வாசகர்

பதில்: தம்பி, அந்த வசனம் பிலிப்பியர் 4:13. பவுல் அதைக் காவலில் இருந்தபோது எழுதினார். அதற்கு அடுத்த வசனத்தை நாம் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. "ஆனாலும், நீங்கள் என்னுடைய உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து மூலம் அனுப்பிய உதவிகளை வாங்கிக்கொண்டேன் என்றும் அதே அதிகாரத்தில் நன்றியோடு எழுதுகிறார். கிறிஸ்து பெலப்படுத்துகிறார் என்று சொன்ன மனிதர், மனிதர்களின் கையால் வந்த உதவியையும் மறுக்கவில்லை. நீங்கள் 13ஆம் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எலியா தீர்க்கதரிசிக்கு நடந்ததும் ஞாபகம் இருக்கட்டும். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டவருக்கு, தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அமர்ந்த மெல்லிய சத்தத்தை எலியா கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். உங்களுக்கு இப்போது முதல் தேவை தூக்கம். நீங்களும் மனைவியும் இரவுகளை முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் விழித்திருக்கும் இரவில் மற்றவர் வேறு அறையில் தூங்கட்டும்.

சபையில் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னால், ஜெபித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். "சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் அம்மாவோடு வந்து உட்கார முடியுமா?" என்று ஒருவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மனமிருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

செவிலியராக ஒரு வார்த்தை: தாயாரின் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால், அதை டிமென்ஷியா என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல் இவையும் அப்படிச் செய்யும். மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இரவு நடமாட்டத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.

கத்தியதற்கு அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். வார்த்தை அவருக்குப் புரியாமல் போகலாம். உங்கள் குரலின் கனிவு புரியும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மருத்துவர் தந்த மாத்திரையை எடுத்துவருகிறேன். ஜெபக் குழுவில் ஒருவர், மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் அடையாளம் என்கிறார். நிறுத்தலாமா?

– ஒரு கல்லூரி மாணவி

பதில்: நிறுத்தாதே அம்மா. இந்த மாத்திரைகளில் பலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரலாம், மனச்சோர்வும் திரும்பிவிடலாம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் அழைக்கிறார்.

வில்லியம் கூப்பர் (1731–1800) என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதிய கீர்த்தனைகளை இன்றும் உலகமெங்கும் பாடுகிறார்கள். அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கொடிய மனச்சோர்வு இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். 1773இல் நோய் முற்றியபோது அவருடைய போதகரான ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பர் முழுமையாகக் குணமாகவில்லை. நியூட்டனின் நட்பும் குறையவில்லை. உன் ஜெபக் குழுவுக்கு இந்தக் கதையைச் சொல்.

சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அடுத்த ஜெபக் கூட்டம் வரை காத்திருக்காதே. அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிடு. நள்ளிரவாக இருந்தாலும் எழுப்பிச் சொல்.

கேள்வி: என் தோழியின் குழந்தை பிறந்த மூன்றாம் வாரத்தில் இறந்துவிட்டது. அவளுக்கு எந்த வசனத்தை அனுப்பலாம்?

– ஒரு வாசகி

பதில்: வசனம் அனுப்ப வேண்டாம், நேரில் போங்கள். பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் சிறந்தது அதுதான். அதன்பிறகு பேசிய பேச்சுக்குத்தான் கர்த்தரிடம் கண்டிப்பு வாங்கினார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாதீர்கள். "இன்னொரு குழந்தை பிறக்கும்" என்றும் வேண்டாம். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ஒரு மாதத்தில் மற்றவர்கள் வருவது நின்றுவிடும், அப்போது மறுபடி போங்கள். குழந்தை பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் அந்த நாட்களில் அவளை அழைத்துப் பேசுங்கள்.