ரெண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் தம்பிக்கு

திருப்பூரில் ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வருகிறேன், செல்போன் பறிக்கிறார்கள், எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) கற்றால் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவுங்க தம்பி, ஆனால் பாதிதான். 1993-இல் யுஎஃப்சி என்ற எம்எம்ஏ போட்டி முதல்முறை நடந்தபோது, பிரேசில் வீரர் ராய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தரையில் சாய்த்து ஜெயித்தது கூண்டுக்குள், ஒத்தைக்கு ஒத்தை. ரோட்டில் ஒருத்தனைக் கட்டிப் புரண்டால் பைக்கில் இருக்கிற இன்னொருத்தன் சும்மா இருப்பானா? அதனால் விழுந்தால் சட்டென்று எழுந்து ஓடுவதை முதலில் பழகுங்கள். மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி இழுங்கள்; பிடி தளர்வது அங்கேதான். (நானும் சிலம்பம் சுற்றியவன்தான். கம்போடவா பனியன் கம்பெனிக்குப் போக முடியும்?) எதிராளி நிஜமாக மல்லுக்கட்டும் ஸ்பாரிங் இல்லாத வகுப்பு என்றால் காசு தண்டம். அப்புறம், கத்தியைக் காட்டினால் போனைக் கொடுத்துவிடுங்கள்.