கடலை மிட்டாயில் முருங்கைப் பொடி: ‘இரும்புச் சத்து’ என்று அச்சடிக்கலாமா?

கேள்வி: சாத்தூர் பக்கம் ஐந்து பெண்கள் சேர்ந்து கடலை மிட்டாய் போடுகிறோம். 100 கிலோவுக்கு 5 கிலோ முருங்கை இலைப் பொடி கலந்தால் ‘இரும்புச் சத்து நிறைந்தது’ என்று கவரில் போடலாம் என்கிறார் பொடி விற்பவர். கலந்து பார்த்தோம், இரண்டே நாளில் மிட்டாய் நமுத்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: கவரை அச்சுக்குக் கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நமுப்பைச் சரி செய்துவிடலாம். கவரில் ஏறிய வார்த்தைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், பொடிக்காரர் வரமாட்டார்.

கணக்கைப் பாருங்கள். 30 கிராம் மிட்டாயில் ஒன்றரை கிராம் பொடி இருக்கும். 100 கிராம் பொடியில் 25 மில்லிகிராம் இரும்பு என்று தாராளமாகவே வைத்தாலும், குழந்தைக்குக் கிடைப்பது அரை மில்லிகிராம்கூட இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). அந்த மிட்டாயில் உள்ள கடலையே இந்தப் பொடியைவிட அதிக இரும்பு தந்துவிடுகிறது.

பொடி விற்பவர் ஒரு லேப் ரிப்போர்ட்டும் நீட்டியிருப்பாரே? அது பொடிக்கான ரிப்போர்ட். ‘நிறைந்தது’ என்று போட, 100 கிராம் மிட்டாயில் அன்றாடத் தேவையில் 30 சதவீதம் இருக்க வேண்டும். அதை உங்கள் மிட்டாயைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். பயிற்சி வகுப்பு என்று மூன்று நாள் உட்கார வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், இந்த ஒரு கணக்கைச் சொல்லித்தர ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமும் ஏமாறாதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் ‘ஃபாஸ்கோஸ்’ (FoSCoS) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

பொடியையும் சோதியுங்கள். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவி, கலக்காமல் விடுங்கள். நல்ல பொடி மிதக்கும், மெல்ல அடியில் இறங்கும், தண்ணீர் லேசாக மங்கும். தூவிய உடனே பளிச்சென்று பச்சைச் சாயம் இறங்கினால் சந்தேகப்படுங்கள். இலையின் பச்சையம் தண்ணீரில் அப்படிக் கரையாது.

இனி நமுப்பு. பொடி ஈரத்தை இழுக்கும், வெல்லமும் இழுக்கும். அதோடு, பொடி கருகிவிடுமோ என்ற பயத்தில் பாகை ஒரு பதம் முன்னதாகவே இறக்கியிருப்பீர்கள். பாகு, தண்ணீரில் விட்டால் டக்கென்று உடையும் பதத்துக்கு வரட்டும். பொடியைப் பாகில் கொட்டாதீர்கள், கட்டி தட்டும். அடுப்பை அணைத்த வாணலிச் சூட்டில் பொடியைப் புரட்டி, கொஞ்சம் கடலை எண்ணெயில் குழைத்து, வறுத்த கடலையில் பூசிவிடுங்கள். அப்புறம் பாகை இறக்கி வைத்துக் கடலையைக் கொட்டிக் கிளறுங்கள். ஆறியதும் அன்றைக்கே காற்றுப் புகாமல் கட்டிவிட வேண்டும். அளவும் 2 முதல் 3 சதவீதம் போதும், 5 போட்டால் பச்சிலை வாடை தூக்கும்.

முருங்கையின் மற்ற சத்துகளையும் பாருங்கள். பாகுச் சூட்டில் வைட்டமின் சி நிற்காது. உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டின் மட்டும் வேறு ரகம். அது கொழுப்பில் கரையும், கடலையின் எண்ணெய் அதற்குத் துணை. சிறிது நேரச் சூட்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் வெளிச்சமும் காற்றும் அதற்கு எதிரி. வெயிலில் காயவைத்த இலையில் கரோட்டின் பெருமளவு முன்பே போயிருக்கும், நிழலில் உலர்த்தியதாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிபோன்ற கவரில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டால் மிச்சமும் போகும். கேரட் பொடிக்கும் இதே கதைதான். கரோட்டினுக்காகத்தான் போடுகிறீர்கள் என்றால் வெளிச்சம் புகாத கவருக்குச் செலவு செய்யுங்கள், இல்லாவிட்டால் பொடிக்குக் கொடுக்கும் காசு வீண்.

கவரில் ‘முருங்கை இலைப் பொடி சேர்த்த கடலை மிட்டாய்’ என்று தாராளமாகப் போடலாம். அப்படிப் போட்டால் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்மானப் பட்டியலில் எழுத வேண்டும். 3 என்றால் 3 என்றே எழுதுங்கள்.