இராமேசுவரத்திலிருந்து டெல்லிக்கு விமான தூரம் எவ்வளவு?

இராமேசுவரத்திலிருந்து டெல்லி செல்ல எங்கே விமானம் ஏற வேண்டும், தூரம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சிப்புளியில் பனைகளுக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்களைப் பார்த்து அங்கேயே ஏறலாம் என்று எண்ணிவிட வேண்டாம், அது ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படை விமானத் தளம், பயணிகளுக்கானதன்று. நமக்கு வாய்த்தது மதுரைதான். பாம்பன் பாலம் கடந்து சாலையில் சுமார் 175 கிலோமீட்டர்.

மதுரைக்கும் டெல்லிக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ ஒரு பாகையே வேறுபாடு என்பதால் வழி கிட்டத்தட்ட நேர் வடக்காக அமைகிறது; ஆகவே அட்சரேகை வேறுபாடான 18.7 பாகையை, பாகைக்கு 111 கிலோமீட்டர் எனப் பெருக்கினாலே சுமார் 2,080 கிலோமீட்டர் என்ற வான்வழித் தூரம் கிடைத்துவிடும். நேரடி விமானமானால் ஏறக்குறைய 3 மணி நேரம். சென்னையில் மாறினால் காத்திருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவிலிருந்து மதுரைக்குக் காரில் போகவே 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், அதிகாலை விமானத்துக்கு முந்தைய இரவே மதுரை போய்த் தங்கிவிடுவது நல்லது.