எட்டு வயதுப் பையனுக்கு நகரம் கட்டும் கணினி விளையாட்டைக் கொடுக்கலாமா? எதில் தொடங்குவது?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் எதைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக் கொடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

கைப்பேசி கேட்டு மகன் அழுகிறான், இந்த வகை விளையாட்டு அறிவை வளர்க்கும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ ஏற்கெனவே உங்களை ஒரு பேச்சுப் பேசிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தாள். இலவசம் என்று போட்டிருந்த ஒரு நகர விளையாட்டை என் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் எல்லாம் மளமளவென்று எழும்பியது. மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் கட்டி முடிய ஆறு மணி நேரம் ஆகும், பொறுக்க முடியாவிட்டால் வைரம் வாங்கு என்றது. பணம் செலுத்தும் வசதியை நான் பூட்டி வைக்கவில்லை. ஒரே மாலையில் 1,740 ரூபாய் போய்விட்டது.

நான் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவள். ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுவேன். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் பார்த்ததும் கை நீண்டுவிட்டது. அவள் அழுதுகொண்டே, "பள்ளிக்கூடம் பாதியில் நிற்கிறது அம்மா, பிள்ளைகள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள்" என்றாள். நாத்தனார் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். "கையில் கொடுத்துவிட்டுக் குழந்தையை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். அடித்ததை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்தவில்லை. அதை வைத்து இங்கே எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எட்டு வயதுக் குழந்தையின் அவசரத்தை விலைபேசும்படி அந்த விளையாட்டைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு அக்கா மகன் பழைய மடிக்கணினி ஒன்றில் மைக்ரோபோலிஸ் என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். 1989இல் வெளிவந்த சிம்சிட்டி என்ற நகர விளையாட்டுதான் அது. அதை உருவாக்கிய வில் ரைட் என்பவர் அதற்கு முன்பு ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் விளையாட்டு ஒன்றைச் செய்தார். குண்டு போடுவதைவிட, அதற்காகத் தீவுகளையும் ஊர்களையும் வரைவதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. அதிலிருந்து பிறந்ததுதான் சிம்சிட்டி. வெற்றி தோல்வி இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று அப்போது வெளியீட்டாளர்கள் தயங்கினார்களாம். 2008இல் சிம்சிட்டியின் மூலநிரலை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று கட்டற்ற மென்பொருளாக மைக்ரோபோலிஸ் என்ற பெயரில் வெளியிட்டுவிட்டார்கள். வைரமும் இல்லை, விளம்பரமும் இல்லை. படங்கள் பழையவை, கட்டங்கட்டமாகத் தெரியும். என் மகள் அதை ஒரு குறையாகவே சொல்லவில்லை.

எளிய நிலையில் விளையாட்டுப் பணமாகக் கையில் 20,000 டாலர் கொடுப்பார்கள். அனல் மின்நிலையம் 3,000. வீட்டு மனை, கடை மனை, தொழிற்சாலை மனை எதுவானாலும் 100. சாலை கட்டத்துக்கு 10, மின்கம்பி 5. என் மகள் முதல் வேலையாக 10,000 கொடுத்து விமான நிலையம் கட்டினாள். மின்நிலையமும் வாங்கி, மிச்சத்தில் நீளமாக ஒரு சாலையைப் போட்டாள். ஊரில் ஒரு வீடுகூட இல்லை. "யார் அம்மா விமானத்தில் ஏறுவார்கள்?" என்று அவளே கேட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள்.

அடுத்த ஊர் நன்றாக வளர்ந்தது. வருடம் முடிந்ததும் வரவு செலவுப் பட்டியல் ஒன்று திரையில் வரும். வரி 7 சதவீதம். சாலை, காவல், தீயணைப்பு மூன்றுக்கும் எவ்வளவு ஒதுக்குவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். மைதானம் கட்டுவதற்காக அவள் சாலைப் பணத்தில் கை வைத்தாள். சிறிது நேரத்தில், "சாலை காணாமல் போகிறது அம்மா" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சாலை துண்டு துண்டாகப் பெயர்ந்து கிடந்தது. தார்ப்பாய் வாங்கும் காசை மிச்சம் பிடித்தால் மழைக்கு மூட்டை நனையும் என்று எங்கள் முதலாளி சொல்வார். அதைத்தான் அவளுக்குச் சொன்னேன். சட்டென்று புரிந்துகொண்டாள். நான் செய்யும் வேலையைப் பற்றி அவள் கேள்வி கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறை. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அதில் பூங்காவின் விலை கட்டத்துக்கு வெறும் 10 டாலர். வைத்தால் சுற்றியுள்ள நிலத்தின் மதிப்பு உயரும். "இவ்வளவு குறைந்த விலைதானே, நம் தெருவில் ஏன் இல்லை?" என்று ஒருநாள் கேட்டாள். என்ன சொல்வது? நாங்கள் 2012இல் மனை வாங்கியபோது வரைபடத்தின் மூலையில் பச்சை வண்ணத்தில் பூங்கா என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்தோம். இன்றைக்கு அந்த இடத்தில் யாருடைய ஜல்லியோ கொட்டிக் கிடக்கிறது, இரண்டு மாடுகள் கட்டியிருக்கின்றன. பெரிய மனைப்பிரிவென்றால் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. இரண்டு முறை மனு கொடுத்தேன். ரசீதுதான் வந்தது. மனை வாங்குகிறவர்கள் தயவுசெய்து வரைபடத்தில் பச்சையைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த இடத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இதனால் மதிப்பெண் கூடியது என்று நான் சொல்லவில்லை. கணக்கில் அவள் அன்றும் எழுபது, இன்றும் எழுபது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது.

உங்கள் வீட்டில் கணினி இருந்தால் மைக்ரோபோலிஸில் தொடங்குங்கள். உலாவியிலேயே திறக்கிற வடிவமும் உண்டு. செய்திகள் ஆங்கிலத்தில் வரும், பக்கத்தில் இருந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். பூகம்பம், தீ, அரக்கன் எல்லாம் வரும். பையன் பயந்த சுபாவம் என்றால் பேரிடர்களே வராதபடி நிறுத்தி வைத்துவிடலாம். கைப்பேசிதான் என்றால் 2018இல் வந்த பாக்கெட் சிட்டி என்ற நகர விளையாட்டைப் பாருங்கள். ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும், காத்திருக்கச் சொல்லி வைரம் விற்காது, இணையம் இல்லாமலும் ஓடும். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகர விளையாட்டும் உண்டு, மிக அழகானது. ஆனால் நல்ல கணினி வேண்டும், எட்டு வயதுக்குக் கொஞ்சம் கனம். பையன் வளரட்டும்.

முதல் நாள் பக்கத்தில் உட்காருங்கள். விமான நிலையத்தை முதலில் கட்டப் போனால் தடுக்காதீர்கள்.