அரத்தை எடுக்குமுன் காற்றைப் பாருங்கள்: ஆர்மோனியம் கேள்வி – பதில்

ஆர்மோனியப் பெட்டி பற்றி நெல்லை வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் பஜனை மடத்துப் பெட்டி மார்கழிக்கு வெளியே வரும், மற்ற மாதமெல்லாம் மூடியே கிடக்கும். இந்த முறை எடுத்தபோது நாலைந்து ஸ்வரம் இறங்கிப் பேசுகிறது. துருத்தியும் சீக்கிரம் தளர்ந்துபோகிறது. பழுது பார்ப்பவர் மொத்தமாக டியூன் போட வேண்டும் என்கிறார். போடலாமா?
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

இப்போது வேண்டாம். டியூன் போடுவது என்றால், காற்றில் அதிர்ந்து ஸ்வரம் எழுப்பும் ரீடின் பித்தளை நாக்கை அரத்தால் ராவுவது. ராவிய பித்தளை திரும்ப வராது. உங்கள் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது காற்று, அடுத்தது தூசி.

எல்லா ஸ்டாப்பையும் (ரீடுகளுக்குக் காற்றைத் திறந்து மூடும் முன்பக்கக் குமிழ்கள்) உள்ளே தள்ளி மூடுங்கள். துருத்தியை அடித்து, காற்றைச் சேர்த்து வைக்கும் உள்துருத்தி நிரம்பியதும் கையை எடுத்துவிடுங்கள். பத்து எண்ணுவதற்குள் காற்று இறங்கிவிட்டால் கசிவு துருத்தியிலேயே இருக்கிறது. மூடியிருக்கும்போது நின்று, ஸ்டாப்பை இழுத்ததும் (எந்தக் கட்டையையும் தொடாமல்) இறங்கினால் கசிவு மேலே: ரீடு பலகை உட்காரும் விளிம்பிலோ, துளைகளை மூடும் தோல் ஒட்டிய மூடிகளிலோ. மூன்றாவது ஒன்றும் உண்டு. கையை எடுத்ததும் வெளித்துருத்தி தானாகவே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தால், இரண்டு துருத்திக்கும் நடுவிலுள்ள தோல் வால்வு சுருண்டிருக்கிறது. உள்ளே போன காற்று திரும்பி வருகிறது.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஊதுபத்திப் புகை போதும். மடிப்பு ஓரமாக மெதுவாக நகர்த்தினால் காற்று வரும் இடத்தில் புகை விலகும். துணியும் தோலும் தீப்பற்றும், கங்கு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்பின் மூலைதான் பெரும்பாலும் விடும். மெல்லிய ஆட்டுத்தோலின் ஓரத்தைச் சீவித் தடிப்பைக் குறைத்து, வச்சிரமோ மரப்பசையோ தடவி ஒட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். செலோ டேப்பும் சைக்கிள் டியூப் துண்டும் வேண்டாம். மடியும் இடத்தில் அவை விறைத்து, பக்கத்துத் தோலையும் கிழிக்கும்.

இனி இறங்கிய ஸ்வரங்கள். மடத்துப் பெட்டிக்குள் திருநீறும், சாம்பிராணிப் புகையும், விளக்கின் எண்ணெய்ப் புகையும் போகாமல் இருக்காது. நாக்கின் நுனியில் அது படிந்தால் நுனி கனக்கும். கனத்தால் சுருதி இறங்கும். பலகையைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய வர்ணத் தூரிகையால் ஒவ்வொரு நாக்கையும் துடையுங்கள். ஆணி அடித்த அடிப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மட்டுமே தூரிகை போக வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் மயிர் நுனியில் மாட்டி நாக்கு வளையும். விரலால் தொட வேண்டாம். இதைச் செய்த பிறகும் எந்த ஸ்வரம் இறங்கியிருக்கிறதோ அதற்கு மட்டும் அரம்.

கேள்வி: சாரல் ஆரம்பிச்சாப் போதும் அண்ணாச்சி, எங்க பெட்டியில அமுக்கின கட்டை எந்திரிக்க மாட்டேங்குது. ஒரு சொட்டு தேங்காண்ணெ விட்டுப் பாத்தேன். ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு. இப்ப முன்னயவிட மோசம்.
– தென்காசி வாசகர்

எண்ணெயை மரம் குடித்து ஊதியிருக்கிறது; அதில் தூசி ஒட்டிப் பிசினாகிவிட்டது. அந்தக் கட்டையைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி ஒரு நாள் வைத்துத் தட்டிவிடுங்கள்.

கட்டை ஒட்டுவதற்குக் காரணம் ஈரம். பக்கத்துக் கட்டையிலோ வழிகாட்டும் ஊசியிலோ உரசுகிறது. உரசிய இடம் பளபளப்பாகவோ கறுத்தோ தெரியும். அங்கே மட்டும் சன்னமான உப்புத்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு பென்சில் முனையால் தேய்த்துவிட்டால் வழுக்கும். ஆனால் ஆடிச் சாரலில் மரம் ஊதியிருக்கும்போது தேய்த்தால், சித்திரை வெயிலில் கட்டை ஆட்டம் கொடுத்துத் தடதடக்கும். முதலில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டு, மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். பல கட்டைகள் தானே சரியாகும். வெயிலில் காய வைக்கிறேன் என்று முற்றத்தில் போட்டுவிடாதீர்கள். பசை விட்டுப்போகும், ரீடு பலகை வெடிக்கும்.

உரசல் இல்லாமலேயே கட்டை சோம்பலாக எழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கழற்றி, கால்களைக் கொஞ்சம் விரித்துப் போடுங்கள். சுருளில் துரு இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: ஆலயப் பாடகர் குழுவுக்காக இரண்டு ரீடு பெட்டி (ஒரு கட்டைக்கு இரண்டு ரீடு உள்ளது) ஒன்று வைத்திருக்கிறோம். செல்போன் டியூனர் செயலியை வைத்து நாங்களே டியூன் போட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– பாளையங்கோட்டை வாசகர்

முடியும். பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். மேலே சொன்ன காற்றுச் சோதனையிலும் தூசி துடைப்பதிலும் பெட்டி தேறியிருக்க வேண்டும்.

பெட்டியை எந்த அறையில் டியூன் போடப் போகிறீர்களோ அங்கே இரண்டு மணி நேரம் முன்பே வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் காற்று ஒலியை அலைக்கழிக்கும். ஒரே அளவான அழுத்தத்தில் துருத்தி போடப் பழகுங்கள். ஓங்கி அடித்தால் ரீடின் சுருதி சற்று இறங்கும், கீழ் ஸ்தாயியில் அது நன்றாகவே தெரியும்.

முதலில் எதையும் கழற்றாமல் கணக்கெடுங்கள். பேஸ் வரிசையை (கீழ் ஸ்தாயி ரீடு வரிசை) மட்டும் திறந்து ஒவ்வொரு கட்டையும் எத்தனை சென்ட் ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு அதேபோல மேல் வரிசை. நூறு சென்ட் சேர்ந்தால் அரை ஸ்வரம். ஒவ்வொன்றையும் மூன்று முறை அமுக்கிப் பார்த்து எழுதுங்கள்.

இந்தப் பட்டியல் முடிந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். செயலி, நடு ஸ்தாயி ஏ ஸ்வரத்தை விநாடிக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொண்டிருக்கும். பழைய பெட்டிகள் பல அந்த அளவுக்கு டியூன் போட்டவை அல்ல. எல்லா ஸ்வரமும் ஏறத்தாழ 15, 20 சென்ட் ஏறியே இருந்தால் பெட்டி தனக்குள் சரியாகத்தான் இருக்கிறது. செயலியின் அடிப்படையை 444 அல்லது 445 என்று மாற்றிவிட்டு, கூட்டத்தில் சேராத ரீடுகளை மட்டும் தொடுங்கள். கீபோர்டோடு சேர்த்து வாசிப்பது என்றால்தான் 440-க்குக் கொண்டுவர வேண்டிய அவசியம். எண்பது ரீடுக்கு மேல் ராவுவது என்பது பெட்டியின் ஆயுளில் கைவைப்பது. மூன்று சென்டுக்குள் இருப்பதை எப்படியும் விட்டுவிடுங்கள்.

இனி வேலை. ரீடு பலகையைக் கழற்றித் தடித்த துணியில் குப்புற வைத்தால் ரீடுகள் மேலே தெரியும். நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் சன்னமான தட்டை அரம் வேண்டும். நாக்குக்கு அடியில் பாதி பிளேடைச் செருகித் தாங்கு கொடுங்கள். இல்லாவிட்டால் அமுக்குகிற அமுக்கில் நாக்கு கீழே வளைந்துவிடும்.

சுருதி ஏற்ற வேண்டுமானால் நுனிப்பக்கம் ராவுங்கள்: கனம் குறைகிறது, நாக்கு வேகமாக ஆடுகிறது. இறக்க வேண்டுமானால் ஆணிக்கு அருகில் அடிப்பக்கம்: விறைப்பு குறைகிறது, ஆட்டம் மெதுவாகிறது. நாக்கின் நீளவாக்கில் இழுங்கள். குறுக்கே இழுத்த கீறல்தான் பிற்பாடு விரிசலாகி நாக்கை ஒடிக்கும். கீழ் ஸ்தாயி ரீடு பத்து இழுப்பு தாங்கலாம். மேல் ஸ்தாயியில் நாக்கு சின்னது, ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

ராவிய உடனே அளக்காதீர்கள். உரசலில் சூடான பித்தளை இறங்கியே பேசும், ஆறியதும் ஏறும். சூட்டில் சரிபார்த்தவர்கள் மறுநாள் எல்லாம் ஏறிவிட்டது என்று மறுபடி அரத்தைத் தூக்குவார்கள். ஐந்து நிமிடம் விட்டு, பித்தளைப் பொடியைத் தூரிகையால் தள்ளி, பலகையைப் பெட்டியில் திரும்பப் பூட்டி அளவு பாருங்கள். வெளியே ஊதிப் பார்த்த சுருதியும் பெட்டிக்குள் வரும் சுருதியும் ஒன்றாக இருக்காது. நாலைந்து ரீடாகச் சேர்த்துச் செய்தால் கழற்றிப் பூட்டும் வேலை குறையும்.

மேல் வரிசை முடிந்த பிறகு பேஸ் வரிசையைச் செயலியை விடக் காதால் சேர்ப்பதே நல்லது. இரண்டையும் திறந்து ஒரு கட்டையை அமுக்குங்கள். ஒலி அலையடித்தால் இரண்டும் சேரவில்லை. 440 அளவில் நான்கு சென்ட் வித்தியாசம் விநாடிக்கு ஓர் அலை கொடுக்கும். அலை நின்று ஒலி ஒரே கோடாகப் போகும்வரை பேஸ் ரீடைத் திருத்துங்கள்.

பட்டியலில் ஒரே ஒரு ஸ்வரம் 40, 50 சென்ட் திடீரென்று இறங்கியிருந்தால் அதை ராவ வேண்டாம். அடியில் விரிசல் விழுந்திருக்கும். அந்த ரீடை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்கு வாசிக்கிறேன். சாமக்கொடை நேரத்தில் திடீரென்று ஒரு ரீடு ‘கர்ர்’ என்று கத்தும், அல்லது ஊமையாகிவிடும். அந்த இடத்தில் என்ன செய்வது?
– நாங்குநேரி வாசகர்

அந்த இடத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். துருத்தியை ஓங்கி அடித்துக்கொண்டு அந்தக் கட்டையைப் பட் பட்டென்று ஏழெட்டு முறை தட்டுங்கள்; தூசியோ பூச்சிச் சிறகோ சிக்கியிருந்தால் பறந்துவிடும். போகவில்லையென்றால் அந்த ரீடு உள்ள வரிசையின் ஸ்டாப்பை மூடிவிட்டு மற்ற வரிசையில் வாசித்து முடியுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அறிகுறியே வழி சொல்லும். மெதுவாக அடித்தால் பேசாமல் ஓங்கினால் பேசுகிறது என்றால் நாக்கின் நுனி சட்டத்திலிருந்து அதிகம் தூக்கியிருக்கிறது. மெதுவாகப் பேசி, ஓங்கினால் அடைத்துக்கொள்கிறது என்றால் நுனி அதிகம் தாழ்ந்திருக்கிறது. நாக்கின் தடிமன் அளவுக்கு நுனி மேலே நின்றால் சரி. பிளேடால் மிக லேசாக வளைத்துச் சரிசெய்யலாம்.

‘கர்ர்’ சத்தத்துக்கு முதலில் ரீடின் இரண்டு திருகாணிகளைப் பாருங்கள். வேனிலும் டெம்போவிலும் குலுங்கிப் போகிற பெட்டியில் இவை தளர்வது சகஜம். திருகாணி இறுக்கமாக இருந்தும் சத்தம் போகவில்லையென்றால் ரீடை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நாக்கின் இரு பக்கமும் மயிரிழை போல ஒரே அளவு வெளிச்சம் வர வேண்டும். ஒரு பக்கம் இருண்டிருந்தால் நாக்கு சட்டத்தில் இடிக்கிறது. ஆணிக்கு அருகில் வைத்து எதிர்ப்பக்கம் துளி நகர்த்துங்கள்.

கேள்வி: கடலோரம் வீடு. ரீடெல்லாம் கறுத்து, சிலதில் பச்சைக் களிம்பு. குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கலாமா?
– உவரி வாசகர்

கூடாது. புளியும் பாலிஷும் பித்தளையை அரித்துத்தான் பளபளப்பு கொடுக்கின்றன. எல்லா ரீடும் சுருதி மாறும். கறுப்பு ஒரு குறையே அல்ல. பச்சைக் களிம்பை மட்டும் பல்குத்தும் குச்சியால் உலர்வாகச் சுரண்டி, தூரிகையால் தள்ளுங்கள். உப்புக்காற்றில் உண்மையில் கெடுவது ஸ்பிரிங்கும் இரும்புத் திருகாணியும்; வருஷத்துக்கு ஒருமுறை அவற்றைப் பாருங்கள். பெட்டியைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பாலித்தீன் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

கேள்வி: பாட்டுக்காரர் ஐந்தரைக் கட்டை கேட்கிறார். செயலியில் ஆங்கில எழுத்துத்தான் வருகிறது. எப்படிப் பொருத்துவது?
– அம்பாசமுத்திரம் வாசகர்

பாட்டுக்காரர் சொல்லும் கட்டை சுருதியின் பெயர். சி என்பது 1 கட்டை. டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரை: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, அங்கே கறுப்பு இல்லை. உங்களுக்கு வேண்டியது ஜி ஷார்ப். ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க இப்படி உச்சத்தில் பாடினார்கள். செங்கோட்டை கிட்டப்பா அதற்குப் பேர் போனவர். ஒலிபெருக்கி இருக்கும்போது ஒரு கட்டை இறக்கிக்கொள்ளச் சொல்வதில் தப்பில்லை.

கேள்வி: டியூனர் சரி என்று காட்டுகிறது. ஆனால் தம்புராவோடு சேர்த்தால் காந்தாரம் உறுத்துகிறதே?
– திருநெல்வேலி டவுன் வாசகர்

உங்கள் காது சரி. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக வெட்டித்தான் பெட்டிக்கு டியூன் போடுகிறார்கள். அதில் அந்தர காந்தாரம் (மேல் காந்தாரம்) ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட். தம்புராவோடு இழையும் காந்தாரம் 386. பதினான்கு சென்ட் ஏற்றம். காகலி நிஷாதமும் (மேல் நிஷாதம்) 12 சென்ட் ஏறியிருக்கும். பஞ்சமம் இரண்டே சென்ட் குறைவு, யாருக்கும் தெரியாது. கமகம் வராததும் இந்த ஏற்றத்தாழ்வும் சேர்ந்துதான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. ஒரே கட்டையில் மட்டும் வாசிப்பவர் அந்தக் காந்தாரத்தை இறக்கிக்கொள்ளலாம். வேறு கட்டைக்குப் போனால் அதே ரீடு வேறு ஸ்வரமாகி அபஸ்வரம் பேசும். பலருக்கு வாசிக்கிற பெட்டியில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: எலி துருத்தித் தோலைக் கடிக்கிறது. பாச்சை உருண்டை போடலாமா?
– சங்கரன்கோவில் வாசகர்

பாச்சை உருண்டை பூச்சிக்கு. எலி அதைச் சட்டை செய்யாது. எலிக்குத் தகரம் அடித்த மரப்பெட்டிதான். பூச்சிக்காகப் போடுவதென்றால் இரண்டு உருண்டையைத் துணியில் முடிந்து கட்டைகளுக்கு மேலே, மூடிக்குள் வையுங்கள். உதிரியாகப் போட்டால் உருண்டு துளைக்குள் போய்விடும்.

கேள்வி: ஸ்கேல் சேஞ்சர் பெட்டியில் (கட்டை வரிசையை நகர்த்திச் சுருதியை மாற்றும் பெட்டி) கட்டையை நகர்த்தியதும் ஒரு கட்டைக்கு இரண்டு ஸ்வரம் கேட்கிறது.
– வள்ளியூர் வாசகர்

கட்டை வரிசை பள்ளத்தில் முழுசாக விழாமல் பாதியில் நிற்கிறது. கப்ளரை (அமுக்கும் கட்டையோடு அடுத்த ஸ்தாயிக் கட்டையையும் இழுக்கும் இணைப்பு) மூடி, துருத்தியில் காற்றை விட்டுவிட்டு, வரிசையை முழுக்கத் தூக்கி நகர்த்தி, இரு முனையையும் அமுக்கி உட்கார வையுங்கள். அப்படியும் ஒரு முனை மட்டும் உட்காரவில்லையென்றால் அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் மரத்தூள் சேர்ந்திருக்கும். குச்சியால் எடுத்துவிட்டால் சரியாகும்.